இயானெட்டா அத்தைக்குப் பாட்டு மட்டும் கோணலாகக் கேட்டது

இயானெட்டா அத்தை என் அப்பாவின் அக்கா. எங்கள் ஊர் ஆலயத்தில் எந்தப் பாட்டானாலும் முதல் அடியை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். ஒரு வரியைத் தனியாகப் பாடுவாள். அதன் பிறகுதான் மொத்தக் குழுவும் சேர்ந்துகொள்ளும். அந்த ஒரு வரிக்காகச் சனிக்கிழமையே ஆரஞ்சு இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். குரலைச் சேமிக்கிறாளாம். சவாயீ தீவில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பேசாமல் இருந்தால் ஒன்று சண்டை, இல்லையென்றால் சாவு. சங்கீதத்துக்காகப் பேசாமல் இருந்தவள் அத்தை ஒருத்திதான்.

அவளுக்குக் காது கேட்காது.

சுத்தமாகக் கேட்காது என்றில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே இரண்டு காதிலும் சீழ் வடியத் தொடங்கியது, நிற்கவே இல்லை. சுடவைத்த தேங்காயெண்ணெய், ஏதோ ஓர் இலைச்சாறு, யாரோ ஒரு கிழவர் ஊதிய சுருட்டுப்புகை, எல்லாம் காதுக்குள் போயின. சீழைத் தவிர எதுவும் வெளியே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மந்தம் என்று கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். கடைசி வரிசையில் ஒன்றுமே கேட்காததால் மந்தம் என்பது உறுதியாயிற்று. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதும் அவளே நின்றுவிட்டாள்.

பிறகு சாலையோரத்தில் கடை போட்டாள். தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்ட ரொட்டி, சேப்பங்கிழங்கு, குலையோடு வாழைக்காய், இளநீர். வாங்க வருகிறவர்கள் விரலைக் காட்டுவார்கள். காட்டாதவர்களின் உதட்டைப் பார்ப்பாள். உதடு புரியாவிட்டால் முகத்தைப் பார்த்தே ரொட்டியா கிழங்கா என்று கண்டுபிடிப்பாள். கல்யாணமும் நடந்தது. மாமா வேலைக்கென்று ஆக்லாந்து போனார், அங்கேயே தங்கிவிட்டார். யாராவது அதைத் துருவினால் அத்தை சொல்வாள்: "கடைசியா போன்ல பேசினாரு. என்ன சொன்னாருன்னு எனக்குக் கேக்கல. அதனால நான் இன்னும் கல்யாணமானவதான்." சொல்லிவிட்டு முதலில் சிரிப்பதும் அவள்தான்.

இப்படிப்பட்டவள் எப்படிப் பாட்டெடுத்துக் கொடுக்கிறவள் ஆனாள் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பாவின் பெயர் அபெராமோ. பாட்டுக்குழுவை நடத்துகிறவர். அத்தையின் குரல் நல்ல குரல், அதில் பொய் இல்லை. ஆனால் வெளிச்சத்தம் உள்ளே போகாததால் அவள் குரல் அவள் மண்டைக்குள்ளேயே முழங்கும். பக்கத்தில் ஊரே நின்று பாடினாலும் அது அவளுக்குத் தூரத்துக் கடல். அதனால் சுருதி அவள் இஷ்டப்படி இறங்கிக்கொண்டே போகும். அப்பா குழுவை எடுத்து நடத்தத் தொடங்கிய புதிதில் ஒரு ஞாயிறு யாரோ சிரித்துவிட்டார்கள். அத்தைக்குச் சிரிப்பு கேட்கவில்லை, முகங்கள் தெரிந்தன.

"எதுக்குடா சிரிக்கிறாங்க?" என்று அப்பாவிடம் கேட்டாளாம்.

அக்காவைத் தலைகுனிய வைக்கிற ஒரு சொல் தம்பி வாயிலிருந்து வரக்கூடாது. எங்கள் ஊரில் அது வெறும் மரியாதை இல்லை, கட்டுப்பாடு. அடுத்த வாரம் அப்பா முதல் வரியை அவளிடம் கொடுத்துவிட்டார்.

அவர் போட்ட கணக்கு எளிது. முதலில் பாடுகிறவர் தப்பாகப் பாடவே முடியாது. பின்னால் வருகிறவர்கள்தான் தப்பாகப் பாட முடியும். அவள் எங்கே நிற்கிறாளோ அதுதான் சுருதி. அவள் இறங்கினால் நாங்களும் இறங்குவோம். கீபோர்டு வாசிக்கும் சேமு ஒவ்வொரு சரணத்துக்கும் சுருதிப் பொத்தானைக் கீழே ஒரு படி அழுத்துவான். கடைசிச் சரணத்தில் ஆண்கள் வரிசையில் நாங்கள் பாடுவதே இல்லை, பன்றி மாதிரி உறுமுவோம். வட்டாரப் பாட்டுப் போட்டி என்று ஒன்று உண்டு. அந்த வாரம் பார்த்து அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை, போதகர் உட்பட.

ஊரில் தன்னைவிட நன்றாகப் பாடுகிறவர் யாரும் இல்லை, அதனால்தான் அந்த இடம் தனக்கு என்று அத்தை நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் லோசா அந்தக் கருவியைக் கொண்டுவந்தாள். லோசா மருத்துவ நிலையத்து நர்ஸ். பக்கத்து ஊர்க்காரி, கத்தோலிக்கப் பெண். எங்கள் ஆலயத்தில் காலடி வைத்ததில்லை. சாதாரணக் காதுக் கருவியைச் செருகினால் அத்தைக்குச் சீழ் அதிகமாகும். இது காதுக்குள்ளேயே போகாது. தலையைச் சுற்றி இழுத்துக்கொள்ளும் ஒரு பட்டை, அதில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு பெட்டி. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பின் மேல் அழுந்தி உட்காரும்.

"முன்வாசல் சேறா கெடந்தா பின்வாசல் வழியா வர்றதில்லையாக்கா? அது மாதிரிதான். எலும்பு வழியா சத்தம் உள்ள போயிரும்," என்றாள் லோசா.

அத்தை அவள் உதட்டைப் படித்துவிட்டு, "பின்வாசல்ல நாயி இருக்குமே," என்றாள்.

நாய் இருக்கத்தான் செய்தது. முதல் நாள், எல்லாரும் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்கிறது என்றாள். லோசா கழற்றிப் பார்த்தால் பெட்டியின் அடியெல்லாம் எண்ணெய். அத்தை தலை, கழுத்து, காதுமடல், காதுக்குப் பின்னால் என்று எங்கும் வாசனைத் தேங்காயெண்ணெய் தடவாமல் வெளியே வருகிறவள் இல்லை.

"வழுக்கிக்கிட்டு நிக்குதுக்கா. அழுந்தி ஒக்காந்தாத்தான் தெளிவா கேக்கும். அந்த எடத்துல மட்டும் எண்ணெய் வேணாம்."

"எண்ணெய் இல்லாம வெளிய போனா அம்மணமா போன மாதிரில்ல?"

"ஒரு காசு அளவு எடம்தான்."

"அப்ப ஒரு காசு அளவு அம்மணம்."

ஆனாலும் துணியால் துடைத்துக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டி போயிற்று. அடுத்தது வீடே பேசுகிறது என்றாள். மத்தியான வேளையில் தூணில் தலையைச் சாய்த்து உட்காருவது அவள் வழக்கம். பெட்டி தூணில் பட்டுவிடும். பக்கத்தில் யாராவது கோகோ இடித்தால் உலக்கை நேராக அவள் மண்டைக்குள் இறங்கும். தள்ளி உட்கார்ந்ததும் வீடு வாயை மூடிக்கொண்டது. பிறகு மீன் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வியர்வை ஈரம்தான். புதுச் செருப்புப் பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்ச ஒரு சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்களே, அதோடு சேர்த்து மூடி போட்ட டப்பாவில் வைக்கச் சொன்னாள் லோசா. ஊரில் செருப்பு வாங்கியவர்களிடமெல்லாம் பொட்டலம் வசூலானது. இடது காதில் செம்பருத்தி வைத்தால் இதழ் பெட்டியில் உரசிப் புயல் அடித்தது. பூ வலது காதுக்குப் போனது. வலது காதில் பூ என்றால் எங்கள் பக்கத்தில் ஆள் தேடுகிறாள் என்று அர்த்தம்.

"ஆக்லாந்துக்கு யாராவது சேதி சொல்லட்டும்," என்றாள் அத்தை.

ஆலயத்தில்தான் பெரிய கூத்து. கருவியோடு வந்த முதல் ஞாயிறு, ஜெபத்தின் நடுவில் கீ என்று ஒரு விசில். நிற்கிற மாதிரி இல்லை. மைக்கு என்று நினைத்து ஒருவர் எழுந்துபோய் ஒலிபெருக்கியை அணைத்தார். விசில் தொடர்ந்தது. வெளியே படுத்திருந்த நாய்கள் எழுந்து வந்து வாசலில் நின்றன.

"யாரு ஜெபத்துல விசில் அடிக்கிறது?" என்று அத்தையே சத்தமாகக் கேட்டாள்.

எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பின. வாழ்க்கையில் அந்த ஒரு நாள் நான் நிரபராதி.

அவளுடைய வெள்ளைத் தொப்பிதான் காரணம். அகலமான விளிம்பு பெட்டியை மூடிக்கொண்டதால் அதன் சத்தம் அதற்குள்ளேயே திரும்பிப் போய் ஊளையிட்டிருக்கிறது. தொப்பியைச் சாய்த்து வைக்கச் சொன்னாள் லோசா. மகளிர் வரிசையில் எல்லாத் தொப்பியும் நேராக இருக்க, அத்தையின் தொப்பி மட்டும் ஒரு பக்கம் விழுந்து கிடந்தது. அடுத்த வாரம் போதகரின் மனைவி தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு வந்தார். அதற்கடுத்த வாரம் வரிசை முழுக்கச் சாய்ந்துவிட்டது. யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. வளைந்து கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வது எங்கள் ஊருக்குக் கைவந்த கலை.

ஒரு நாள் அத்தை கடையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தபோது ஒரு பொடியன், "அத்தை, ரொட்டி," என்றான். அவள் திரும்பாமலே ஒரு ரொட்டியை எடுத்துப் பின்னால் நீட்டினாள். பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்தது. அன்று பொழுது சாயும்வரை எங்களையெல்லாம் வரிசையாக முதுகுக்குப் பின்னால் நிற்கவைத்து, "கேளு, எதையாவது கேளு," என்றாள். நான் யானை கேட்டேன். "அது நாளைக்குத்தான் வரும், அடுத்த ஆளு," என்றாள். கடையில் இருந்த ரொட்டி முழுக்க அப்படியே தீர்ந்துபோயிற்று. யாரிடமும் அவள் காசு வாங்கவில்லை.

எல்லாம் சரியான பிறகு, ஒரு கோளாறு மட்டும் மிச்சம் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்து, மீனைச் செதில் உரித்துக்கொண்டிருந்த அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"பேச்செல்லாம் சுத்தமா கேக்குது. பாட்டு மட்டும் கோணலா கேக்குதுடா. நான் எடுத்துக் குடுக்கும்போது நல்லாத்தான் இருக்கு. அப்புறம் நீங்கல்லாம் பிரேக் இல்லாத பஸ்ஸு மாதிரி மலையிலருந்து எறங்குறீங்க. எந்திரத்துல என்னமோ இருக்கு."

அப்பா மீனைப் பார்த்தார். மீனும் அப்பாவைப் பார்த்தது.

"ஆமாக்கா. எந்திரமாத்தான் இருக்கும்," என்றார்.

இது போதுமாயிருந்தது. சேமு, "பேட்டரி பேச்சுக்குத்தான் அத்தை, பாட்டுக்குத் தாங்காது," என்றான். மகளிர் வரிசையில் ஒருத்தி தன் சொந்தக்காரிக்கும் அப்படித்தான் கேட்டதாகச் சொன்னாள்; அந்தச் சொந்தக்காரிக்குக் காது நன்றாகவே கேட்கும். போதகர் மட்டும் பொய் சொல்லவில்லை. "ஆண்டவருக்கு எல்லாப் பாட்டும் ஏற்றதே," என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

பாவம் லோசா. பேட்டரியை மாற்றினாள், பட்டையை இறுக்கினாள், பெட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"அக்கா, புதன்கிழமை ஆப்பியா பெரியாஸ்பத்திரியிலருந்து காது டாக்டருங்க வர்றாங்க. சரியா கேக்கலன்னா திருப்பிக் குடுத்துருங்க. இதுக்குக் காத்துக்கிட்டிருக்கவங்க நெறைய. உங்களுக்கு வேற ஒண்ணு எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது." பிறகு, "கடைசியா ஒண்ணு பாருங்க," என்றாள். "நல்லா காது கேக்குற ஒருத்தர் இதை மாட்டிக்கிட்டு, ரெண்டு காதையும் விரலால அடைச்சுக்கணும். அப்ப எந்திரம் வழியா மட்டும்தான் அவங்களுக்குக் கேக்கும். அவங்களுக்கும் கோணலா இருந்தா, தப்பு எந்திரத்துலதான்."

நல்ல யோசனைதான். எங்கள் பாட்டைக் கேட்டிராத ஒருத்திக்குத்தான் அது தோன்றும்.

சனிக்கிழமைப் பயிற்சியில் அத்தை பட்டையைக் கழற்றி அப்பாவின் தலையில் மாட்டினாள். அப்பா இரண்டு காதையும் அடைத்துக்கொண்டார். அத்தை முதல் வரியை எடுத்தாள், நாங்கள் சேர்ந்துகொண்டோம், வழக்கம்போல எல்லாருமாக இறங்கினோம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, பல் பிடுங்கக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"கோணலா கேட்டுச்சா?" அத்தை அவர் உதட்டையே பார்த்தாள்.

"கேட்டுச்சுக்கா."

அது உண்மைதான். இத்தனை வருஷமாக அவர் வெறும் காதால் கேட்ட கோணல், அன்று எலும்பு வழியாகவும் கேட்டிருக்கும்.

"அப்ப எந்திரம்தான்." அத்தை பட்டையை வாங்கி, பெட்டியைக் கட்டைவிரலால் தேய்த்தாள். "சரி. புதன்கிழமை குடுத்துர்றேன். பின்னாலருந்து ரொட்டி கேக்குற பயலுகளுக்குத்தான் செரமம்."

அப்போது யாராவது ஒருவர் பேசியிருக்கலாம். நிறையப் பேர் இருந்தோம். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். நான் பாய் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை கைப்பையைத் திறந்தவள் நிறுத்தினாள். அவள் கடைக்காரி. ஒரு கூடைக் கிழங்கில் ஒன்று அழுகல் என்றால் கூடையைத் தூக்கி எறிய மாட்டாள், ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பாள். பட்டையை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"சேமு, நீ மட்டும் வாசி."

சேமு வாசித்தான். "நேரா இருக்கு," என்றாள்.

"பேனி, எதையாவது பேசுடா."

"என்ன பேசுறது அத்தை?" என்றேன்.

"நேரா இருக்கு." சுற்றிப் பார்த்தாள். "இப்ப என்னை விட்டுட்டு நீங்கல்லாம் பாடுங்க."

அப்பா எழுந்துவிட்டார். "நேரமாச்சுக்கா. நாளைக்குப் பாப்போம்."

"ஒரே ஒரு சரணம்டா. எனக்காக."

அக்கா கேட்டு இல்லை என்று சொல்லும் வழக்கமும் அப்பாவுக்கு இல்லை. சேமு ஒரு சுரம் கொடுத்தான். தொடங்கினோம்.

ஆண்கள் வரிசையில் நாங்கள் சிலர் கண்ணாலேயே பேசிக்கொண்டு, வேண்டுமென்றே கீழே இறங்கப் பார்த்தோம். முடியவில்லை. இத்தனை நாள் ஒருத்திக்காக வளைந்து பழகிய தொண்டைகள், அவள் இல்லை என்றதும் தாமாகவே நிமிர்ந்துகொண்டன. நாலு வரிசைக் குரலும் ஒன்றோடொன்று போய்ப் பூட்டிக்கொண்டன. கூரைத் தகரம் அதிர்ந்தது. எங்களுக்கு இப்படிப் பாட வரும் என்பது எங்களுக்கே தெரியாது. சரணம் முடிந்ததும் அப்பா கையை இறக்கியிருக்க வேண்டும், இறக்கவில்லை. அடுத்த சரணத்துக்குப் போய்விட்டோம். இன்றைக்கும் என்னை அரிப்பது அதுதான். அவள் அங்கே பெட்டியை எலும்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், எங்களுக்கு நிறுத்த மனசு வரவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

முடிந்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"சேமு," என்றாள் அத்தை. "அந்தப் பொத்தானை ஏன் அழுத்தல?"

"எந்தப் பொத்தான் அத்தை?"

"நான் பாடுறப்ப சரணத்துக்குச் சரணம் ஒண்ணை அழுத்துவியே. நான் பாத்திருக்கேன். சும்மா அழகுக்குன்னு நெனச்சேன்."

சேமு தன் கால்விரல்களைப் பார்த்தான். அத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். முகம் படிப்பதுதான் அவள் படித்த படிப்பு. கடைசியில் அப்பாவிடம் வந்து நின்றாள். அவர் தரையில் எதையோ தொலைத்தவர் மாதிரி குனிந்திருந்தார்.

"அழகா பாடுறீங்க," என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாசலைத் தாண்டும்போதே பட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டதைப் பார்த்தேன்.

வீட்டில் அப்பா சாப்பிடவில்லை. அம்மா தட்டை மூடி வைத்துக்கொண்டே சொன்னாள்: "அக்காவுக்கு வெக்கம் வந்துரக்கூடாது, வெக்கம் வந்துரக்கூடாதுன்னு வாரவாரம் ஒளிச்சு வச்சீங்க. இப்ப எல்லாத்தையும் மொத்தமா சேத்து ஒரே நாள்ல குடுத்துட்டீங்க." அப்பா பாயை விரித்துப் படுத்துவிட்டார். "எந்திரத்தையும் குடுத்துருவா பாருங்க. கேக்காம இருந்தாத்தான் பழையபடி தலைநிமிந்து பாடலாம்னு தோணும் அவளுக்கு. எனக்குன்னா தோணும்."

ஞாயிறு விடியும்போது அப்பா படுக்கையில் இல்லை. அவர் படுத்த பாயும் இல்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெரிய குற்றம் செய்தவர்கள், அதாவது கொலை, கைகால் முறிவு என்கிற அளவுக்கு, பாதிக்கப்பட்டவர் வீட்டு முன்னால் விடிகாலையில் பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்காருவார்கள். வீட்டுக்காரர் வந்து பாயை விலக்கினால் மன்னிப்பு. விலக்காவிட்டால் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். அதற்கென்று குடும்பத்தில் பொத்தி வைத்திருக்கும் உயர்ந்த பாய் வேண்டும். அதை எடுத்தால் பெரியவர்கள் என்ன குற்றம் என்று கேட்பார்கள். அதனால் அப்பா படுக்கிற பாயையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் போனபோது அத்தை வீட்டு முற்றத்தில் ஒரு பாய் உட்கார்ந்திருந்தது. அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள்.

"ஏ பயலே, உங்கப்பா யாரைடா கொன்னாரு?" என்று ஒருவர் என் காதில் கேட்டார்.

"பாட்டை," என்றேன்.

அத்தை வெளியே வந்தாள். தலையில் பட்டை இல்லை. ஆலயத்துக்குக் கிளம்பவும் இல்லை, பழைய துணிதான் உடுத்தியிருந்தாள். பாய்க்குள்ளிருந்து அப்பா ஏதோ முனகினார்.

"என்னடா சொல்றே? ஒதடும் தெரியல ஒண்ணும் தெரியல."

"மன்னிச்சிருக்கா."

"பன்னிக்கு என்ன?"

"மன்னிச்சிரு!"

"பன்னி செத்துருச்சா?"

யாரோ தென்னைமரத்துக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா பாய்க்குள் மூச்சை இழுத்தது வெளியே தெரிந்தது.

"உன் சுருதி தப்புன்னு எனக்கு மொதல்லருந்தே தெரியும்க்கா!" என்று கத்தினார். "சொல்ல வெக்கமா இருந்துச்சு! நேத்து எந்திரத்து மேல பழி போட்டதும் நான்தான்! எந்திரம் நல்லா இருக்கு!"

கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். போதகர் வீட்டில் ஒரு விளக்கு எரிந்தது. ஊரிலேயே அது விளங்காத ஒரே ஆள் அத்தை. பாயையும் கூடி நின்ற முகங்களையும் மாறிமாறிப் பார்த்தாள். தென்னைமரத்துப் பின்னால் இருந்தவன் முகத்தையும் பார்த்துவிட்டாள். திரும்பி உள்ளே போனாள்.

போச்சு என்று நினைத்தேன். பாய் அசையவில்லை. வெயில் ஏறத் தொடங்கியது. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு, போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றார்கள்.

அத்தை காதுக்குப் பின்னால் துணியால் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். பட்டையை மாட்டினாள், பெட்டியை எலும்பின் மேல் சரியாக உட்காரவைத்தாள். பாய்க்கு எதிரில் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப மெதுவா சொல்லு," என்றாள். "ஊருக்குக் கேக்க வேணாம்."

அப்பா மெதுவாகச் சொன்னார். நீண்ட நேரம் சொன்னார். நல்ல காது இருந்தும் எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அத்தை குனிந்து பாயின் ஓட்டைக்குள் பேசுகிற மாதிரி இடையில் ஏதோ கேட்டாள், அதுவும் கேட்கவில்லை. அவள் தோள் ஒரு தடவை குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. எனக்கு முகம் படிக்க வராது.

பிறகு பாயை விலக்கினாள். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"எந்திரி. சர்ச்சுக்கு நேரமாச்சு," என்றாள். "லோசாகிட்ட எதையும் குடுக்கப்போறதில்ல. ஆனா உன்கிட்ட நான் பேச மாட்டேன்."

"எவ்வளவு நாளைக்குக்கா?"

"தோணுற வரைக்கும்." எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "உங்க யார்கிட்டயும்தான்."

ஆலயத்தில் அவளுடைய இடத்தை யாரும் எடுக்கவில்லை. வெள்ளை உடை, வெள்ளைத் தொப்பி, பட்டை. வந்து நின்றாள். அப்பா கையைத் தூக்கினார், ஆனால் அவளைப் பார்க்கவில்லை. வழக்கமாக உடனே எடுத்துவிடுவாள். அன்று எடுக்கவில்லை. சேமுவைப் பார்த்துத் தலையசைத்தாள். சேமு பயந்துபோய் ஒற்றைச் சுரத்தை அழுத்தினான். அதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். வழக்கத்தில் பாதிச் சத்தத்தில் முதல் வரியைப் பாடினாள், நாங்கள் சேர்ந்தோம்.

இரண்டாவது வரியிலேயே நழுவினாள். நாங்களும் நழுவினோம். வேண்டுமென்று இல்லை. கால் தடுக்கினால் கை முன்னால் போகிற மாதிரி, தொண்டை அதுவாகவே அவள் பின்னால் போயிற்று.

அவள் அதைக் கேட்டுவிட்டாள். பாட்டின் நடுவில் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"வராதீங்க!" என்றாள். ஆலயம் முழுக்கக் கேட்டது. "அங்கயே நில்லுங்க. நான் வர்றேன்."

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. நாங்கள் நழுவிய இடத்துக்குத் திரும்பிப் போய், அந்தச் சொல்லை நேரான சுருதியில் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் கீழேயிருந்து தேடிக்கொண்டு வந்தாள். தாண்டிப் போனாள். இறங்கினாள். எங்களுக்கு மூச்சு முட்டியது. பெண்கள் வரிசையில் ஒருத்தி விட்டுவிட்டுப் பிடித்தாள். எல்லார் தலையும் குனிந்திருந்தது. அவளைப் பார்க்கக் கூசியது. ஆனால் ஒருவரும் அசையவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பெட்டியின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு அவள் வந்துகொண்டிருந்தாள்.